பாதிக்குப் பாதி

நுகர்வோர் கோட்பாட்டின் முதல் படத்தை வரையும்போது எல்லா ஆசிரியர்களின் கையும் ஒரே மாதிரி வளைகிறது. இரண்டு அச்சுகள், ஒன்றில் ஒரு பண்டம், மற்றதில் இன்னொன்று. மேலிருந்து செங்குத்தாக இறங்கி, நடுவில் தோற்றப்புள்ளியை நோக்கிக் குவிந்து, பிறகு வலப்பக்கமாகப் படுத்துக்கொள்ளும் ஒரு கோடு. சமநோக்கு வளைகோடு. அதன் மேல் எந்தப் புள்ளியில் நிறுத்தினாலும் நுகர்வோருக்குச் சம்மதமே. ஏன் அது அப்படிக் குவிய வேண்டும் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: ஒரு பண்டம் கையில் சேரச் சேர, அதில் இன்னும் ஓர் அலகுக்காக மற்றதில் விட்டுக்கொடுக்க மனம் வரும் அளவு குறைந்துகொண்டே போகும். குறைந்து செல் இறுதிநிலைப் பதிலீட்டு வீதம். தேர்வுக்கு இது போதும். ஆனால் அந்த வளைவுக்குள் இன்னொரு சேதியும் இருக்கிறது. இதைக் கொடுத்தாலும் சரி, அதைக் கொடுத்தாலும் சரி என்று இருப்பவருக்கு, இரண்டிலும் பாதிக்குப் பாதி கொடுத்தால் இன்னும் சந்தோஷம் என்று அது சொல்கிறது. ஓரங்களைவிட நடு நல்லது என்கிறது. எனக்கு இந்த இடம் பல காலமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. பசியைப் பற்றியோ வருமானத்தைப் பற்றியோ ஒன்றும் சொல்லாமல், கலவையின் மேல் மனிதருக்கு இயல்பாகவே ஒரு நாட்டம் உண்டு என்று முதல் படத்திலேயே எழுதிவைத்துவிட்டு, அதன் மேல் விலை, தேவை, சந்தை, சமநிலை என்று மாடி மாடியாகக் கட்டிக்கொண்டு போகிறோம்.

கலவை பிடிக்காதவரைக் கோட்பாட்டுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஹால் வேரியனின் இடைநிலை நுண்ணியல் பொருளியல் பாடநூலில் அவர் ஒரு பத்தியளவு வந்து போகிறார். ஐஸ்கிரீமும் பிடிக்கும், ஆலிவ் காயும் பிடிக்கும், இரண்டையும் சேர்த்துத் தின்னப் பிடிக்காது என்று வேரியன் தன்னையே உதாரணமாக வைத்துக்கொள்கிறார். அடுத்த ஒரு மணி நேரத்துக்கு 8 அவுன்ஸ் ஐஸ்கிரீமும் 2 அவுன்ஸ் ஆலிவும் கொடுங்கள், அல்லது மாற்றி 2-க்கு 8 கொடுங்கள், இரண்டும் ஒன்றுதான். 5-க்கு 5 மட்டும் வேண்டாம். இப்படிப்பட்டவரின் வளைகோடு வழக்கத்துக்கு மாறாக வெளிப்பக்கம் புடைத்துக்கொள்ளும். கையிலுள்ள காசுக்கு எது எவ்வளவு வாங்கலாம் என்று காட்டும் விலைக்கோட்டின் நடுவில் அவர் நிற்க மாட்டார்; ஏதாவதொரு மூலைக்குப் போய்விடுவார். முழுக்க இது, இல்லையென்றால் முழுக்க அது. பாடநூல் இவரைக் காட்டிவிட்டு, பண்டங்கள் பெரும்பாலும் சேர்த்தே நுகரப்படுகின்றன என்று வழக்கமான வளைவுக்குத் திரும்பிவிடுகிறது.

அந்தத் திரும்பலில் ஒரு நியாயம் உண்டு. அது காலத்தின் நியாயம். எங்கள் வீட்டில் மீன் குழம்பு வைத்த அன்று மோர் கிடையாது. தயிர்ச் சட்டியைக் கண்ணில் படாத மேல்தட்டுக்கு அம்மா ஏற்றிவிடுவார். மீனும் தயிரும் வயிற்றில் சேர்ந்தால் உடம்பில் வெண்புள்ளி விழும் என்பது காரணம். தோலின் நிறமிச் செல்கள் அழிவதால் வருவது அது, இலையில் எது எதோடு சேர்ந்தது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்று டாக்டர்கள் சொல்லியும் சட்டி கீழே இறங்கவில்லை. வங்காளத்தில் தயிரிலேயே மீனை வேகவைத்து 'தோய் மாச்' என்று விருந்துக்குப் பரிமாறுகிறார்கள் என்று சொன்னபோது அம்மாவின் முகம் போன போக்கில் அந்தப் பேச்சு அன்றோடு நின்றது. ஆக, ஒரு வேளைக் கணக்கில் எங்கள் வீடு மூலையில் நின்றது. மாதக் கணக்கில் பார்த்தால் மீனும் உண்டு, பாலும் தயிரும் உண்டு, படத்தில் வரைவதற்குத் தோதாக நடுவில் நின்றது. அரசின் வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு 2022-23-இல் நடந்தபோது மீன், இறைச்சி, காய்கறிக்குக் கடந்த 7 நாளைக் கேட்டார்கள். அரிசி, பருப்புக்கு 30 நாளை. எந்த வேளையில் எது எதன் பக்கத்தில் விழுந்தது என்பதை அந்தப் படிவம் கேட்காது. காலத்தின் அளவை நீட்டினால் விலக்கு கரைந்துவிடுகிறது. படத்தில்தான் கரைகிறது, அடுப்படியில் அது அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் காலத்தை நீட்டினாலும் கரையாத விலக்குகள் இருக்கின்றன. காப்பிப்பொடிக் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் தெரியும். வறுத்த கொட்டையின் வாசம் தெருமுனைக்கே வந்து கூப்பிடும். பீபெரியா, பிளான்டேஷனா என்று முதல் கேள்வி. பாதிப் பாதி போடுங்கள் என்பவர்கள் அநேகம். "சிக்கரி எவ்வளவு சார்?" என்பது அடுத்தது. எண்பதுக்கு இருபது, எழுபதுக்கு முப்பது, அறுபதுக்கு நாற்பது. காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதுவரை வாடிக்கையாளர் விருப்பம். அரைத்து விழும் பொடியைக் கடைக்காரர் தட்டில் வாங்கி, சிக்கரித் தூளை அதன் மேல் கொட்டி, கரண்டியால் மேலும் கீழுமாகப் பிரட்டி, சூடு அடங்குமுன் உறையில் போட்டு மடித்துக் கொடுக்கிறார். விலை ஏறும் காலத்தில் அதே வாடிக்கையாளர் எண்பதிலிருந்து எழுபதுக்கு இறங்குகிறார். இன்னும் ஏறினால் அறுபதுக்கு. டிகாக்‌ஷன் கொஞ்சம் கறுத்து, கசப்பு கொஞ்சம் தடித்து, பழகிவிடுகிறது. இது பாடநூல் வளைவேதான். விலை ஏற ஏறப் படிப்படியாக நகரும் மனம். ஆனால் இதே மனிதர் காப்பி கட்டுபடியாகவில்லை என்று டிகாக்‌ஷனில் பாதி தேயிலைச் சாறு ஊற்றிக் குடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர் தாங்குவார், இன்னும் தாங்குவார், பிறகு ஒரு நாள் "வீட்ல டீ ஆக்கிட்டோம்" என்பார். பில்டர் பரணுக்குப் போய்விடும். சிக்கரிப் பக்கம் சரிவு, தேநீர்ப் பக்கம் பள்ளம். ஒரே நாக்கு, ஒரே சமையலறை. அந்தப் பள்ளம் இயற்கை வெட்டியதும் இல்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காப்பியையும் தேநீரையும் ஒரே கோப்பையில் கலந்து 'சாம்' என்று தருகிறார்கள், அங்குள்ள தமிழர்களும் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். எங்கே சரிவு, எங்கே பள்ளம் என்பதைப் பண்டத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. யார், எங்கே, எந்தப் பாத்திரத்தில் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

சில இடங்களில் குவிந்தும் சில இடங்களில் குழிந்தும் அலை அலையாகப் போகும் இப்படிப்பட்ட வளைகோட்டைப் பற்றி ஹெரால்ட் ஹோட்டலிங் 1935-இல் எக்கனாமெட்ரிகா இதழில் எழுதியிருக்கிறார். அவர் சொன்னது எளிமையானது, எனக்கு இன்றுவரை தொந்தரவு தருவதும் அதுதான். சந்தையில் நுகர்வோர் எதிர்கொள்வது ஒரு நேர்கோடு, விலைக்கோடு. விலைகள் மாற மாற அந்தக் கோடு சாயும், நிமிரும். ஆனால் எப்படிச் சாய்த்தாலும் அது வளைகோட்டைத் தொடுவது குவிந்த பகுதிகளில் மட்டும்தான். கொத்தனாரின் மட்டப்பலகை மேடுகளின் மேல் உட்கார்ந்து பள்ளத்தின் மேல் பாலமாகக் கிடப்பதுபோல, குழிந்த பகுதியை அது தொடாமலே தாண்டிப் போய்விடும். ஆகவே வாங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் குழிவு ஒருநாளும் தென்படாது. விலை கொஞ்சம் மாறியதும் வாங்குபவர் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குத் தாவுவதைக் காணலாம். தாவியதால் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது என்று ஊகிக்கலாம். அதன் ஆழத்தை அளக்க வழியே இல்லை என்றார் ஹோட்டலிங். 1950-இல் பால் சாமுவேல்சன் இதே இடத்துக்கு வந்தார். சந்தையில் போட்டி போட்டு வாங்குபவரின் நடத்தையிலிருந்து அந்தப் பகுதியை அறியவே முடியாது, அது என்றும் இருட்டில்தான் கிடக்கும் என்ற பொருளில் எழுதினார். 1967-இல் சிட்னி ஆப்ரியாட் இதைத் தேற்றமாகவே ஆக்கினார். ஒருவர் என்ன விலையில் என்ன வாங்கினார் என்று எத்தனை நாள் வேண்டுமானாலும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் முரணில்லாத ஏதோ ஒரு விருப்பத்திலிருந்து வந்திருக்க முடியும் என்றால், குவிந்த வளைகோடுகள் கொண்ட ஒரு விருப்பத்திலிருந்தும் வந்திருக்க முடியும்.

கணிதமாக இதில் குறையில்லை. கோட்பாட்டாளர்களுக்கு இது ஓர் ஆறுதலாகவும் இருந்தது: கண்ணில் படாத ஒன்றை இருப்பதாக எடுத்துக்கொண்டால் என்ன, இல்லாததாக எடுத்துக்கொண்டால் என்ன? ஆகவே எல்லாருக்கும் குவிந்த வளைவையே வரைந்துவிடலாம். இங்கேதான் நான் நின்றுவிடுகிறேன். காப்பியை விட்டு டீக்குப் போனவர் தாவலுக்கு முந்தைய மாதங்களில் என்ன பட்டார் என்பது எந்தப் பில்லிலும் இல்லை. அவர் அதே எடையை, ஏறிய விலைக்கு, வேறெதையோ சுருக்கிக்கொண்டு வாங்கினார். கடைக்காரருக்கு அவர் விலையைப் பொருட்படுத்தாத நல்ல வாடிக்கையாளர். பிறகு ஒரு நாள் வராமல் போனார். இரண்டு காப்பிப் பிரியர்களை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குக் காப்பியில் தேநீர் கலந்தால் சற்று முகம் சுளிக்கும், அவ்வளவுதான், மற்றவருக்குக் குமட்டும். இருவரும் ஒரே விலையில் தாவினால் கணக்கேட்டில் இருவரும் ஒரே ஆள். சுளிப்புக்கும் குமட்டலுக்கும் உள்ள தூரம்தான் ஹோட்டலிங் அளக்க முடியாது என்ற ஆழம். மனிதரைப் பற்றி நான் தெரிந்துகொள்ள விரும்புவதில் பெரும்பகுதி அந்தத் தூரத்தில் இருக்கிறது. ஒருவர் வாங்கியதை வைத்து அவரைச் சொல்வது எளிது. எதை எதோடு சேர்க்கச் சம்மதிக்க மாட்டார் என்பது, சேர்த்துக் கொடுக்கப்படும் நாள்வரை, வெளியே வருவதில்லை.

1959-இல் மைக்கேல் பாரல் கிளப்பிய ஒரு விவாதத்துக்குப் பிறகு, இந்தக் குழிவுகளை மூடிமறைக்காமல் நேரே எதிர்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் வந்தது. அதிலிருந்து பிறந்த விடையை அழகான விடை என்றே நினைக்கிறேன். என் உறுத்தல் அந்த அழகுக்குப் பிறகும் மிஞ்சுவதால்தான் இதை எழுதுகிறேன். ராபர்ட் ஆமன் 1960-களின் நடுவில், ஆட்கள் எண்ணிலடங்காத பெருங்கூட்டமாக இருந்தால் தனிமனிதரின் வளைகோடு எப்படி இருந்தாலும் சந்தைக்குச் சமநிலை உண்டு என்று காட்டினார். எண்ணக்கூடிய கூட்டத்துக்கு ராஸ் ஸ்டார் 1969-இல் விடை சொன்னார். அதற்கு அவருக்குக் கைகொடுத்தது லாயிட் ஷேப்ளியும் ஜான் போக்மனும் நிறுவிய ஒரு துணைத்தேற்றம். அதைக் காப்பியாலும் தேநீராலும் சொல்லலாம். ஓர் ஊரில் எல்லாருமே கலவையை வெறுப்பவர்கள். முழுக் காப்பியும் முழுத் தேநீரும் அவர்களுக்குச் சமம் என்றாகிவிடும் ஒரு விலை இருக்கும். ஊரில் இருக்கும் சரக்கு பாதி காப்பி, பாதி தேநீர் என்றால், அந்த விலையில் பாதிப் பேரைக் காப்பிக்கு அனுப்பலாம், பாதிப் பேரைத் தேநீருக்கு அனுப்பலாம். யாரும் கலந்து குடிக்கவில்லை, சரக்கும் தீர்ந்துவிட்டது. சரக்கு இப்படிச் சீராகப் பிரியாமல் சில்லறை நிற்கும்போது சிலர் நடுவில் மாட்டிக்கொள்ள நேரலாம். எத்தனை பேர்? பண்டங்களின் எண்ணிக்கைக்கு மேல் போகாது. இரண்டு பண்டம் என்றால் இரண்டு பேர். ஊரில் நூறு பேர் இருந்தாலும் இரண்டு, லட்சம் பேர் இருந்தாலும் இரண்டு. கூட்டம் வளர வளர அந்த இரண்டு பேரின் பங்கு ஒன்றுமில்லாமல் ஆகிவிடுகிறது. ஒவ்வொருவர் மனத்திலும் பள்ளம் அப்படியே இருக்க, ஊரின் கணக்கு வழவழப்பாகிவிடுகிறது.

இதன் பலம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஊரின் சராசரி மனிதர் என்று ஒருவரைக் கற்பனை செய்தால் அவர் பாதி காப்பியும் பாதி தேநீரும் குடிக்கிறார். அவரைப் போல ஊரில் ஒருவரும் இல்லை. தேற்றம் அந்தச் சராசரியை அனுமதிப்பதற்குக் காரணம், உண்மையான மனிதர்கள் ஒவ்வொருவரும் தத்தம் மூலைக்குப் போய் நிற்க முடிகிறது என்பதுதான். மூலைக்குப் போகும் உரிமையை எடுத்துவிட்டு, சராசரியை ஆளுக்கொரு தட்டில் பரிமாறினால், அதற்குத் தேற்றத்தின் அனுமதி கிடையாது. இரண்டுக்கும் மொத்தக் கணக்கு ஒன்றுதான். ஆனால் முதல் ஊரில் எல்லாரும் நிறைவாக இருக்கிறார்கள், இரண்டாவது ஊரில் எல்லாரும் முகம் சுளிக்கிறார்கள். தொகையைப் பார்த்து நிர்வாகம் செய்பவருக்கு இரண்டு ஊரும் ஒரே ஊர்.

இங்கே ஒரு தயக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மூலைக்குப் போகும் உரிமை என்று நான் இவ்வளவு பரிவாகப் பேசும்போது, கலப்பதை வெறுப்பவர் எல்லாருமே பரிவுக்குரியவர்கள்தானா என்ற கேள்வி பின்னாலேயே வருகிறது. இந்த மண்ணில் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. டீக்கடை என்று சொன்னாலே இரட்டைக் குவளையும் கூடவே நினைவுக்கு வரும். அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்த பிறகும், 1955-இலும் 1989-இலும் தனிச் சட்டங்கள் வந்த பிறகும், தலித்துகளுக்குத் தனிக் குவளை வைத்த கடைகள் இருந்தன. புகார் வரும் என்ற பயத்தில் சில இடங்களில் அது ஒருவருக்குக் கண்ணாடி டம்ளர், இன்னொருவருக்குத் தூக்கியெறியும் கப் என்று உருமாறியது. அந்தக் கடையின் கணக்கை எடுத்துப் பாருங்கள்: ஒரே டீ, ஒரே விலை, இத்தனை டம்ளர் விற்பனை. ஹோட்டலிங் சொன்ன அளக்க முடியாத ஆழம் அந்த இரண்டு குவளைகளுக்கு நடுவிலும் இருக்கிறது. கேரி பெக்கர் 1957-இல் பாகுபாட்டின் பொருளாதாரம் பற்றி எழுதிய நூலில், ஒதுக்குவதையும் ஒரு ரசனையாக எடுத்துக்கொண்டு, இன்னாரோடு சேராமல் இருக்க ஒருவர் எவ்வளவு பணம் இழக்கத் தயாராக இருக்கிறார் என்று கணக்கிட வழி சொன்னார். ஒதுக்குபவருக்கும் அதனால் நஷ்டம் உண்டு என்று காட்டியதில் அந்த நூலுக்குப் பயன் உண்டு. ஆனாலும் ரசனை என்று பெயர் வைத்த இடத்திலேயே என் மனம் ஒப்பவில்லை. மீனோடு தயிர் சேராத வீட்டில் மீனுக்கு வருத்தமில்லை, தயிருக்கும் அவமானமில்லை. குவளை பிரிக்கப்படும் இடத்தில், பிரித்து வைக்கப்படுவது ஒரு மனிதர். அவர் அந்த மூலையைத் தேர்ந்தெடுக்கவில்லை, அங்கே நிறுத்தப்பட்டார். விருப்பங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்க மாட்டேன், வந்தபடியே எடுத்துக்கொள்வேன் என்பது நுகர்வோர் கோட்பாட்டின் முதல் விரதம். அரிசிக்கும் காப்பிக்கும் அந்த விரதம் நாகரிகம். அடுத்தவர் ருசியில் தலையிடாத நாகரிகம். ஆட்களுக்கு அதையே கடைப்பிடித்தால் அது கொடுமைக்கு உடந்தை. எந்தக் குழிவை மதிக்க வேண்டும், எதை நிரப்பியே ஆக வேண்டும் என்பதை வளைகோடு சொல்லாது. இரண்டும் படத்தில் ஒரே மாதிரிதான் வளைந்திருக்கும்.

ஆகவே அரிசிக்கே வருகிறேன். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்காரர்களுக்கு 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. இந்த ஏற்பாட்டின் மேல் எனக்குள்ள மதிப்பு பெரியது. பல வீடுகளில் மாதக் கடைசியைத் தாண்டவைப்பது இந்த அரிசிதான். புழுங்கல் உண்டு, பச்சரிசி உண்டு. கடைக்கு எந்தச் சரக்கு எவ்வளவு வந்து இறங்கியதோ அதை அட்டைகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கடையில் சில மாதங்கள் 20 கிலோவும் புழுங்கலாக வரும். சில மாதங்கள் பத்தும் பத்தும். மூட்டைகள் இரண்டு வகை, கணக்கு முடிய வேண்டும், வரிசையில் இத்தனை அட்டை. வகுத்தால் ஆளுக்குப் பாதிக்குப் பாதி. ஒருவரையும் வஞ்சிக்காத பங்கீடு என்று அதைச் செய்பவர் நம்புகிறார், அதில் நேர்மையும் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே பானைக்கு ஆகாது. புழுங்கல் அதிகத் தண்ணீர் கேட்கும், நிதானமாக வேகும், வடித்தால் பருக்கை பருக்கையாக நிற்கும். அது பதம் வருவதற்குள் பச்சரிசி குழைந்து கஞ்சியாகிவிடும். புழுங்கல் சோற்றுக்குப் பழகிய வீட்டில் பச்சரிசி இரண்டு மூன்று கிலோ என்றால் வரவேற்பு உண்டு, மாவுக்கு, பொங்கலுக்கு, கொழுக்கட்டைக்கு. பத்துக் கிலோ என்றால் டப்பாவில் கிடந்து வண்டு வைக்கும். பச்சரிசிச் சோறு சாப்பிடும் வீட்டுக்கு இதுவே தலைகீழ். முதல் இரண்டு கிலோவுக்குச் சரிவு, அதற்குப் பிறகு பள்ளம். ஹோட்டலிங்கின் அலை வளைகோட்டை ரேஷன் கடைத் தராசில் பார்க்கலாம்.

கடைக்கு வெளியே வேப்பமர நிழலில்தான் அடுத்த காரியம் நடக்கிறது. "அக்கா, உங்களுக்குப் பச்சரிசிதான ஆகும், இத வச்சுக்கங்க, புழுங்கல என் பைல கொட்டுங்க." கட்டைப் பையைப் பிரித்துப் பிடித்துக்கொள்ள ஒருவர், சாய்த்துக் கொட்ட ஒருவர். கிலோவுக்குக் கிலோ. சில நாள் பச்சரிசி கேட்பவர் குறைவாக இருந்தால் ஒன்றரைக்கு ஒன்று என்று பேச்சு வரும்; விலையில்லா அரிசிக்கு மரத்தடியில் ஒரு விலை பிறந்துவிடும். ஷேப்ளியும் போக்மனும் காகிதத்தில் நிறுவியதை இவர்கள் பத்து நிமிடத்தில் செய்து முடித்துவிடுகிறார்கள். ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடுகிறார்கள், மொத்தத்தில் ஒரு மணி அரிசி கூடவில்லை, குறையவில்லை. உள்ளே இயந்திரத்தில் பதிவானதும் வீட்டுக்காரர் செல்போனுக்குக் குறுஞ்செய்தியாகப் போனதும் பத்தும் பத்தும்தான். நாளைக்கு யாராவது அந்தப் பதிவுகளை எடுத்து இந்தத் தெரு என்ன விரும்புகிறது என்று ஆராய்ந்தால், கலவையை விரும்பும் தெரு என்று முடிவு கட்டலாம். நேர்த்தியான குவிந்த வளைவு கிடைக்கும்.

நடுவில் மிஞ்சக்கூடியவர்கள் இரண்டு பேருக்கு மேல் இல்லை என்று தேற்றம் உறுதி சொல்கிறது. அந்த இரண்டு பேர் யார் என்பதில் அதற்கு அக்கறை இல்லை. யாராக இருந்தாலும் கணிதத்துக்கு ஒன்றே. தெருவில் அப்படி இல்லை. வேலைக்கு நேரமாகிறது என்று ஓடுபவர், அக்கம்பக்கத்தோடு பேச்சுவார்த்தை இல்லாதவர், ஊருக்குப் புதிதாக வந்தவர், இன்னாரின் பையிலிருந்து அரிசி வாங்க மாட்டோம் என்று மற்றவர்கள் மனத்துக்குள் வைத்திருக்கும் அந்த இன்னார். மாற்றிக்கொள்ள ஆள் உள்ளவர்களுக்குத்தான் மூலை கிடைக்கிறது. தனி ஆள் அட்டை வைத்திருக்கும் ஒரு பாட்டி எனக்கு முன்னால் நின்றிருந்தார். பன்னிரண்டு கிலோ, அன்றைக்கு ஆறும் ஆறும். ஒரே பைதான் கொண்டுவந்திருந்தார். புழுங்கலின் மேலேயே பச்சரிசியையும் கொட்டி எடை போட்டுத் தந்துவிட்டார்கள். கலந்த பிறகு அதை மாற்றிக்கொள்ள யாரும் வர மாட்டார்கள். இதை எப்படிப் பாட்டி சமைப்பீர்கள் என்று கேட்டேன். "சோறாக்க முடியாது தம்பி, ஒண்ணு வெந்தா ஒண்ணு வேகாது. ஊறப்போட்டு ஆட்டிட்டா தோசைக்கு ஆகும்" என்றார். அது உண்மை. நல்ல தோசை மாவுக்கு இரண்டு அரிசியும் சேர வேண்டும். பானையில் பள்ளமாக இருப்பது உரலில் சரிவாகிவிடும். கலவை அவருக்கும் ஒரு வகையில் ஆகும் என்று நான் சமாதானமாகத் தலையாட்டியபோது பாட்டி பையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "ஆகும். ஆனா உளுந்து யாரு குடுப்பா?"